மூடி வைத்த டம்ளர்

எங்கள் அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரம் தெய்வாத்தாள் அம்மாளுடையது, கதவோரம் என்னுடையது. நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்கு மேலே கம்பியில் ஒரு பச்சைத் திரை. இந்தத் திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்தவற்றில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியைத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்தபடி காதால் கேட்டேன். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

இடம் கணபதி. சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பழைய மாடி வீடு. அதைத் தம்பிதுரை என்பவர் வாடகைக்கு எடுத்து, வயதானவர்களையும் படுக்கையில் விழுந்தவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லமாக நடத்தினார். தொண்ணூற்று நாலில் அந்த மாதிரி இடங்கள் கோயமுத்தூருக்குப் புதிது. பெற்றவர்களை அங்கே விட்டவர்கள் வெளியில் சொல்லும்போது நர்சிங் ஹோமில் வைத்தியம் நடக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்பவர்களும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

என் பெயர் சாஜிதா பேகம். பீளமேட்டில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சுகர் உண்டு. செருப்புக்குள் துருத்திக்கொண்டிருந்த ஆணி உள்ளங்காலைக் கிழிப்பது தெரியாமலேயே ஒரு கல்யாணத்தில் நாள் முழுக்க நடந்திருக்கிறேன். புண் ஆறவில்லை. உள்ளே இறங்கியது. பாதத்தை எடுக்க வேண்டி வரலாம் என்றார் ஒரு டாக்டர். தினமும் சுத்தம் செய்து ஒழுங்காகக் கட்டினால் பிழைக்கும் என்றார் இன்னொருவர். ஈரோட்டில் இருக்கும் என் மகளுக்குக் கைக்குழந்தை. ஆகவே கால் ஆறும்வரை இங்கே.

என் காலைப் பார்த்துக்கொண்டவள் சின்னத்தாயி. மதுக்கரையிலிருந்து பஸ் மாறி வருவாள். இல்லத்தில் நர்சாக இருந்த மதிவதனி சிஸ்டர் பழக்கிவிட்ட கை. பழைய கட்டைப் பிய்த்து எடுக்க மாட்டாள். காய்ச்சி ஆற வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, துணி தானாக விடும்வரை பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பேகம்மா, உங்க காலு எங்கூடப் பேசுதுங்க" என்பாள்.

"என்ன சொல்லுது?"

"மக வந்தா பிரியாணி டப்பா கொண்டார வேண்டாம்னு சொல்லுதுங்க."

தெய்வாத்தாள் அம்மாள் அன்னூர்ப் பக்கம் பெரிய தோட்டத்துக்காரர். கிணற்றடியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்தும் சேராமல் போய்விட்டது. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. தலையையும் கைகளையும் தவிர மற்றது எதையும் தானாக அசைக்க முடியாது. மகன் கிருபாசங்கர் இங்கேயே பவுண்டரி வைத்திருந்தார். மருமகள் சண்முகப்பிரியா இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால்தான் இல்லம்.

என் டப்பாவிலிருந்து அந்த அம்மாள் எதையும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. ஆனால் நான் சொல்லும் மில் கதைகளுக்குக் காது கொடுப்பார். "அப்பறம் அந்த மேனேசரு பொண்டாட்டி என்ன பண்ணுனா, சொல்லு அம்மணி" என்று சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்பார். என்னிடம் குறையாகச் சொன்னது ஒன்றுதான்: "பாய் ஊட்டு அம்மணி, நீ தூக்கத்துல கொறட்டை உடற. எங்க மோட்டார் ரூம்புகூட இத்தனை சத்தம் போடாது."

அவரைச் சேர்த்த அன்று மகனும் தம்பிதுரையும் எங்கள் வாசற்படியில் நின்று பேசியதை நான் கேட்டேன்.

"அம்மா பழைய காலத்து மனுசிங்க" என்றார் கிருபாசங்கர். "நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியுமுங்களே. தொடறது, எடுக்கறது எல்லாம் நம்ம ஆளுக கையா இருந்துட்டா அவங்களுக்கும் தெம்பா இருக்கும்."

"தெரியுமுங்க சார்" என்றார் தம்பிதுரை. "இதெல்லாம் நீங்க சொல்லோணுமுங்களா."

அவ்வளவுதான் பேச்சு. சாதி என்ற சொல்லை இருவரும் வாயில் எடுக்கவில்லை. அன்றைக்கே ராசாத்தாள் என்ற ஆயா தெய்வாத்தாள் அம்மாளுக்கு என்று ஆனாள். அவள் அவர்கள் ஆள். சின்னத்தாயி திரைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். சின்னத்தாயியின் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக இவர்களைப் போன்றவர்களின் தோட்டத்தில் வேலை செய்து, வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கிப் போனவர்கள். அவளுக்கும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒருமுறை மட்டும் அது மீறியது. நாற்காலியில் உட்கார வைத்திருந்த தெய்வாத்தாள் அம்மாள் சரிந்து விழப்போனார். என் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த சின்னத்தாயி பாய்ந்து போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்திராவிட்டால் இன்னொரு எலும்பும் போயிருக்கும். அந்த அம்மாள் நன்றி சொல்லவுமில்லை, திட்டவுமில்லை. "ராசாத்தா, தண்ணி காய வெய்யி" என்றார். தலையோடு தண்ணீர் ஊற்றி, சேலை மாற்றி, நடுங்க நடுங்கப் படுக்க வைத்தார்கள். தம்பிதுரை வந்து சின்னத்தாயியிடம், "உனக்குன்னு இருக்கற சோலிய மட்டும் பாரு. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுத்தே கிடந்தும் அதுவரை அந்த அம்மாளின் முதுகில் புண் வரவில்லை. காரணம் மதிவதனி சிஸ்டர். சிஸ்டரும் ராசாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டு மணிக்கொரு தரம் அந்த அம்மாளை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். சிஸ்டரின் ஊரை, தெருவை யாரும் விசாரிக்கவில்லை. வெள்ளை உடுப்பு போட்டவரிடம் அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு சிஸ்டருக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்தது. வேறு நர்ஸ் வருவார் என்றார் தம்பிதுரை. வந்தபாடில்லை.

ராசாத்தாள் ஒற்றை ஆள். ஒல்லியான உடம்பு. முதலில் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தாள். "அம்மா, நீங்களும் கொஞ்சம் தம் கட்டுங்க" என்பாள். "கட்டுனா மட்டும் எந்திரிச்சு ஓடியே போயிருவனாக்கும்" என்பார் அவர். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். பிடித்துத் தூக்கச் சின்னத்தாயி இருந்தாள், ஸ்டூலுக்கு இந்தப் பக்கம், எட்டும் தூரத்தில். கூப்பிட்டால் அப்புறம் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் குளிப்பாட்ட யாரால் முடியும்? கூப்பிடவில்லை. புரட்டுவது குறைந்தது, பிறகு நின்றது. நனைந்த விரிப்பைக்கூட ஓரத்தில் இழுத்து உருவி, மேலே ஒன்றை மடித்துச் செருகிவிடுவாள்.

வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. சுகர் புண்ணோடு பழகியவளுக்கு அந்த வாடை தெரியும்.

"ஏனுங்க, முதுகுல ஏதாச்சும் எரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"சூடு" என்றார். "ஒரே எடத்துல கெடந்தா சூடு புடிக்காதா."

"ராசாத்தா பாத்தாளா?"

"பவுடர் போட்டு உட்ருக்கறா. நீ உன் காலப் பாரு."

தம்பிதுரையிடம் சொன்னேன். "பாத்துக்கறமுங்க பேகம்மா" என்றார். ராசாத்தாளிடம் சொன்னேன். அவள் திரைக்குள்ளிருந்து வெளியே வந்து, கண்கலங்கி, "எனக்கு அதப் பாத்தாலே குடலப் பொரட்டுதுங்க. நான் சமையலுக்குன்னு வந்தவ. ஊதா மருந்து ஊத்திப் பஞ்சு வெச்சு உட்ருக்கறன்" என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் வரும் டாக்டர் கதவருகே நின்று, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கறாங்க டாக்டர்" என்பாள் ராசாத்தாள். தெய்வாத்தாள் அம்மாளும் தலையாட்டுவார். ஆண் டாக்டருக்கு முதுகுத் துணியை விலக்கிக் காட்ட அவர் உயிரே போனாலும் சம்மதித்திருக்க மாட்டார். டாக்டரும் விலக்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வருவார். அன்று காலையிலேயே ராசாத்தாள் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தி, தெய்வாத்தாள் அம்மாளை உட்கார்ந்தவாக்கில் சாய்த்துவிடுவாள். வந்தவர்களைப் படுத்துக்கொண்டு வரவேற்பது அந்த அம்மாளுக்கு ஆகாது. தலையில் மல்லிகை, முகத்துக்குப் பவுடர், ஊதுவத்தி. உடம்பின் பாரம் முழுக்கப் பின்புறத்தில் இறங்க, மகன் போகும்வரை அப்படியே இருப்பார். கிருபாசங்கர் கால்மாட்டில் உட்கார்ந்து கரண்ட் கட்டைப் பற்றியும் வார்ப்பு உடைந்ததைப் பற்றியும் பேசுவார். "வலி ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்றால், "எனக்கென்ன சாமி, மகாராசி மாதிரி இருக்கறேன்" என்பார். மகன் போனதும் கட்டிலை இறக்கும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் திரையைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

இப்போது என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். மகனிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். ஆனால் பழி எங்கே விழும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ராசாத்தாள் மேல் விழாது, தம்பிதுரை தன் மேல் விழவிட மாட்டார். சின்னத்தாயியை அனுப்பிவிட்டால் என் பாதத்துக்கு யார்? புண்ணின் ஓரம் சிவந்து மேலே வர ஆரம்பித்திருந்த நேரம் அது. எதிர்க் கட்டிலில் ஒருத்தி அழுகிக்கொண்டிருக்க, ஒரே அறையில் என் கால் மட்டும் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் தெய்வாத்தாள் அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து, இறந்துபோன கணவரை அழைத்து மடை மாற்றச் சொல்லிப் பிதற்றினார். இனியும் தள்ளிப்போட்டால் ஆள் இருக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வந்ததும் சொன்னேன்.

"தம்பி, அம்மா முதுகுல புண்ணு இருக்குது. பெரிய புண்ணு."

கிருபாசங்கர் திரும்பித் தாயைப் பார்த்தார்.

"அந்தம்மா டைப் அடிச்சு அடிச்சுக் கண்ணு மங்கிப் போயிருச்சு சாமி" என்றார் தெய்வாத்தாள் அம்மாள். "திரைக்கு அந்தால கெடந்துட்டு எம் முதுகு எப்படித் தெரியுது அவளுக்கு?"

"மூக்கு மங்கலீங்க" என்றேன். "தம்பி, நீங்க பாக்க வேண்டாம். உங்க ஊட்டுல பாக்கட்டும்."

சண்முகப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரைக்குள் போனாள். கிருபாசங்கர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே "வேண்டாங்கறேன், கேக்க மாட்டீங்கற" என்ற குரல். அப்புறம் ஈரத் துணி தோலோடு ஒட்டி உரியும் சத்தம். "ஆத்தா" என்று ஒரு கத்தல்.

சண்முகப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"குழிங்க" என்றாள் கணவனிடம். "கறுப்பா, குழியா இருக்குது. உள்ளங்கையே உள்ள போயிருமுங்க."

ஞாயிறு என்பதால் பட்டறைகள் ஓடவில்லை. கிருபாசங்கர் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். தம்பிதுரை வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தார். பின்னாலேயே ராசாத்தாளும் சின்னத்தாயியும்.

"பெத்த தாயக் கொண்டாந்து உங்களை நம்பி உட்டனே, இதுதான் நீங்க பாத்துக்கற லட்சணமா?"

தம்பிதுரை நான் நினைத்தபடியே திரும்பினார். "ஏ சின்னத்தாயி, இந்த ரூம்புல கட்டுப் போடறது நீதான? என்ன பாத்துட்டு இருந்த?"

சின்னத்தாயி என் கட்டில் பக்கம் வந்து நின்றாள். கையில் என் காலுக்கான ஸ்டீல் தட்டு இருந்தது.

"அவளைக் கேக்காதீங்க" என்றேன். "அவ இந்தத் திரையத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டது நீங்கதானுங்களே."

தம்பிதுரை என்னைப் பார்த்தார், கிருபாசங்கரைப் பார்த்தார். அப்புறம், கோபமே இல்லாமல், மரியாதை ஒரு துளிகூடக் குறையாமல் சொன்னார்:

"சார், தப்பா நெனைக்க வேண்டாமுங்க. அம்மாவப் பொரட்டோணுமுன்னா ரெண்டு ஆளு வேணுமுங்க. நம்ம ஆளுன்னு எங்கிட்ட இருக்கறது ராசாத்தா ஒருத்திதானுங்க. நம்ம ஆளுக கையாவே இருக்கட்டும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"பொரட்ட வேண்டாம்னா நான் சொன்னேன்?"

"அதச் சொல்லலீங்க."

"கட்டுப் போட வேண்டாம்னு சொன்னனா?"

"இல்லீங்க சார். அதையும் சொல்லலீங்க."

கிருபாசங்கர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் வைக்காததற்கு அவர் இன்னும் கத்தியிருக்கலாம், அதில் நியாயமும் இருந்தது. கத்தவில்லை.

அன்று மாலை டாக்டர் வந்தார். இந்த முறை கட்டில்வரைக்கும் வந்தார். தெய்வாத்தாள் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கறுத்த சதையை வெட்டி எடுத்து முடித்துக் கை கழுவும்போது, "இவ்வளவு நாள் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே" என்றார்.

"கதவுகிட்டயே நின்னு கேட்டீங்க டாக்டர்" என்றேன். அவர் துண்டில் கை துடைத்துக்கொண்டேயிருந்தார்.

சொன்னது இதுதான்: காலையும் மாலையும் சுத்தம் செய்து கட்ட வேண்டும். ஒரு பக்கமாகவே படுக்க வைக்கக் கூடாது. பகலோ இரவோ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டு நனையக் கூடாது. எலும்புக்குச் சீழ் இறங்கிவிட்டால் அதற்கப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலேயே தெய்வாத்தாள் அம்மாள் பதில் சொன்னார்: "உங்கப்பன நடக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்க, தூக்கிட்டு வந்தீங்க. நான் வரல."

நர்ஸுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகத் தம்பிதுரை சொன்னார். அவர் எப்போது வருவாரோ. புண் அதுவரை காத்திருக்காது. எல்லோரும் சின்னத்தாயியைப் பார்த்தார்கள்.

"நாளைலிருந்து அம்மாவையும் நீ பாத்துக்க" என்றார் தம்பிதுரை, உத்தரவு போல.

சின்னத்தாயி தட்டை ஸ்டூலில் வைத்தாள்.

"நீங்க சொன்னாப் பத்தாதுங்க."

"நான் சொல்றேன்" என்றார் கிருபாசங்கர்.

"நீங்க சொன்னாலும் பத்தாதுங்க. போன தடவ உழுகாமப் புடிச்சதுக்கே வேலை போயிருக்கும். நான் கைய வெச்சு, வலியில அவங்க சத்தம் போட்டா, அப்பறம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவீங்க. அந்தம்மா சொல்லட்டும்."

"பேசறதப் பாரு" என்றாள் ராசாத்தாள் மெதுவாக. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தெய்வாத்தாள் அம்மாள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் குனிந்து, "அம்மா" என்றார். தெய்வாத்தாள் அம்மாள் திரும்பாமலேயே, "ராசாத்தா, அவளச் செய்யச் சொல்லு" என்றார்.

"நான் இங்கதானுங்க நிக்கறேன்" என்றாள் சின்னத்தாயி.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பி, தெருமுனை தாண்டி, சத்தம் ஓய்ந்தது.

"செய்யி" என்றார் தெய்வாத்தாள் அம்மாள், சின்னத்தாயியின் முகத்தைப் பார்த்து. பிறகு, "மெதுவா" என்றார்.

மறுநாள் காலை திரை போட்டார்கள். இனி நான் சொல்வது காதால் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம், நின்று, மறுபடி ஊற்றும் சத்தம். எனக்குச் செய்வதைப் போலவே அவசரம் இல்லை. "இப்ப வலிக்குமுங்க" என்று சொல்லிவிட்டே கை வைத்தாள். "கட்டில் கம்பியப் புடிச்சுக்குங்க. என் கையப் புடிச்சாலும் செரிதான்." எதைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை, "நீ மதுக்கரைல யாரு மக?" என்று கேட்டார். "மாசாணம் மகளுங்க. சிமிட்டி பேக்டரில மூட்டை தூக்குனவரு." "ம்" என்றார். ராசாத்தாளும் அவளுமாகச் சேர்ந்து அந்த உடம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு தெய்வாத்தாள் அம்மாள் ஒருக்களித்துப் படுத்தார். நீளமாக ஒரு மூச்சு வந்தது.

எனக்கும் மூச்சு வந்தது. அது முழுதாக வருவதற்குள் அவர் குரல் கேட்டது:

"ராசாத்தா, தண்ணி காய வெய்யி."

சின்னத்தாயி திரையை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கையில் சீழ்ப் பஞ்சு நிறைந்த தட்டு. முகத்தில் வியர்வை.

"டாக்டர் நனையக் கூடாதுன்னு சொன்னாருங்கம்மா" என்றாள் ராசாத்தாள்.

"தலைக்கு ஊத்து. முதுகுக்குப் போகாமப் பாத்துக்க."

"தலைக்கு ஊத்துனா முதுகுக்குப் போகாம எங்கீங்க போகும்?" என்று சின்னத்தாயி கேட்டாள். திரும்பிக் கட்டிலைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஊத்திக்கிறதுன்னா ஊத்திக்குங்க. நான் இத்தன நேரம் செஞ்சது அத்தனையும் சாக்கடைக்குப் போயிரும். சாயங்காலம் நான் தொட மாட்டேன். அப்பறம் யாரு வந்து சொன்னாலும் தொட மாட்டேன்."

"மெரட்டறயா?"

"இல்லீங்க. சொல்றேன்."

என் கட்டிலில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரில் எல்லாம் முடிந்துபோகும். திரையின் இடைவெளியில் தெய்வாத்தாள் அம்மாளின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. நேற்றைய மல்லிகை நாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு உயிர்மேல் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. சற்றுமுன் விட்ட மூச்சை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாமல் எப்படிச் சோற்றில் கை வைப்பது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் அந்த ஒரு தலைக்குள்தான் இருந்தன.

"ராசாத்தா" என்றார் கடைசியில். "டம்ளர்ல மஞ்சத் தண்ணி கொண்டா. தலைல தெளி. அது போதும்."

ராசாத்தாள் கொண்டுவந்தாள், விரலால் தொட்டுத் தெளித்தாள். கட்டு நனையவில்லை. சின்னத்தாயி தட்டோடு நின்று அதை முழுக்கப் பார்த்தாள். பார்க்காமல் போயிருக்கலாம். நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அன்று என் காலைக் கட்டும்போது அவள் வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. நான் என்னென்னவோ சொல்ல நினைத்து, "புண்ணு எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

"அடில எலும்பு தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா வம்பு."

மறுநாள் காலை அவள் உள்ளே வரும்போது தட்டில் வழக்கமான பஞ்சு, துணி, கத்தரிக்கோலோடு ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருந்தது. மஞ்சள் கரைத்த தண்ணீர். அதை எடுத்துத் தெய்வாத்தாள் அம்மாளின் கைக்கு எட்டும்படி ஸ்டூலில் வைத்தாள்.

"இதையுஞ் சேத்துக் கொண்டாந்துட்டனுங்க" என்றாள். "முடிஞ்சதும் தெளிச்சுக்குங்க."

தெய்வாத்தாள் அம்மாள் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரை மூடியது. வேலை முடிந்து, ராசாத்தாள் தெளிக்கும் சத்தம் வந்தது. அதற்கென்று பெரிய சத்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

அப்படியே அது முறையாகிப்போனது. காலையும் மாலையும் தட்டு வரும், தட்டோடு டம்ளர் வரும். காய்ச்சல் விட்டது. வாடை குறைந்தது. கிருபாசங்கர் ஞாயிறுகளில் வந்தால் கட்டிலை உயர்த்தவிடாமல், ஒருக்களித்துப் படுத்திருக்கும் தாயின் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்து பேசினார். ஸ்டூலில் இருக்கும் டம்ளரை அவரும் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கா தெரியாது. ஒருநாள் போகும்போது சின்னத்தாயியிடம், "ரொம்ப நல்லதுங்க" என்று ங்க போட்டுச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடம் கேட்டேன். என் பாதம் அவள் மடியில் இருந்தது.

"ஏன் புள்ள, அத ராசாத்தா கொண்டாந்தா ஆகாதா? நீயே எதுக்குக் கரைச்சுக் கொண்டார? உனக்குக் கோவமே வரலயா?"

"வராம என்னங்க" என்றாள். துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அதுக்குத்தான் நானே கொண்டாரேன். இத்தனையும் கழுவித் தொடச்சு முடிக்கறப்ப, 'ராசாத்தா, தண்ணி'ன்னு அந்தம்மா கேப்பாங்க. அதக் கேக்க என்னால முடியலீங்க. முன்னாடியே வெச்சுட்டா கேக்க மாட்டாங்கள்ல?"

முடிச்சைப் போட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டுவிட்டாள். பிறகு தானே உணர்ந்து அவிழ்த்து, தளர்த்திப் போட்டாள்.

புதிய நர்ஸ் வந்து சேரவில்லை. என் புண் மூடிவிட்டது. மகள் வந்து கூட்டிப்போவதாக இருந்த அன்று காலை, பெட்டியைக் கட்டிலில் வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சின்னத்தாயி தட்டோடு வந்தாள். டம்ளரை ஸ்டூலில் வைத்தாள்.

"பாய் ஊட்டு அம்மணி போயிட்டா எனக்கு மில் கதை யாரு சொல்லுவா?" என்றார் தெய்வாத்தாள் அம்மாள், என் பக்கமாகப் பார்த்துப் படுத்தபடி.

"கொறட்டைத் தொல்லை உட்டுதுன்னு இருங்க" என்றேன்.

சின்னத்தாயி திரையை இழுக்கப் போனாள்.

"ஏ புள்ள" என்றார் அவர். சின்னத்தாயியின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அத எதையாச்சும் போட்டு மூடி வெய்யி. ஈ உழுகுது."

சின்னத்தாயி திரையை விட்டுவிட்டு வந்தாள். என் காப்பித் தட்டை எடுத்து டம்ளரின் மேல் கவிழ்த்தாள். திரை மூடியது. தண்ணீர் ஊற்றும் சத்தம், "இப்ப வலிக்குமுங்க", பிறகு இருவர் சேர்ந்து தூக்கும் மூச்சு. அதற்குள் எதிர்ப் பட்டறைக்காரன் லேத்தைப் போட்டுவிட்டான். அதன்பின் தெளிக்கும் சத்தம் வந்ததா இல்லையா, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மகள் வந்து நான் புறப்படும்போது ராசாத்தாள் டம்ளரைக் கழுவ எடுத்துப் போனாள். வாசற்படியில் என்னைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி இருந்தது. காலையில் அதில் எவ்வளவு இருந்தது என்பதை நான் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை.